மூன்றாவது மந்திரம்

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து ஆசிரியரிடமிருந்து போன். நான் எழுதும் இளையோர் தொடருக்கு ஓவியர் தயாராக இருக்கிறாராம். நாயகி கையில் வாள் கொடுப்பதா, வில் கொடுப்பதா என்று கேட்டார். அவளுக்கு என்ன மந்திரம் தெரியும் என்பதையே நான் இன்னும் முடிவு செய்யவில்லை, ஆயுதத்துக்கு அப்புறம் வரலாம் என்றேன். "தைரியமான பொண்ணுன்னு பார்த்த உடனே தெரியணும் மேடம்" என்றார்.

அண்ணன் மகள் லீவுக்கு மயிலாடுதுறை வந்திருக்கிறாள். பிளஸ் ஒன் எழுதியவள். வந்ததிலிருந்து ஊஞ்சலை விட்டு இறங்காமல் நவோமி நோவிக்கின் 'எ டெட்லி எஜுகேஷன்' படிக்கிறாள். 2020இல் வந்த நாவல். ஆசிரியர்களே இல்லாத ஒரு மந்திரப் பள்ளி. காற்றுக்குழாய், சாப்பாட்டு வரிசை என்று எங்கு பார்த்தாலும் பிள்ளைகளைத் தின்னும் ஜந்துக்கள். நாயகி எல்லின் அம்மா வேல்ஸ்காரி, அப்பா மும்பைக் குடும்பத்துப் பிள்ளை. ஊரையே எரிக்கும் மந்திரங்கள்தான் இவளுக்குத் தானாக வரும். அவற்றைத் தொடாமல், தண்டால் எடுத்தும் குரோஷா பின்னியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி சேர்க்கிறாள். அடுத்தவர் உயிரை உறிஞ்சினால் சீக்கிரம் சேரும். அது வேண்டாம் என்கிறாள்.

"அத்தை, இவ கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டு வர்றதே தினம் ஒரு சண்டை" என்றாள் குட்டி. வாள், வில் பேச்சை விட எனக்கு இது உபயோகமாக இருந்தது. குறித்து வைத்துக்கொண்டேன்.

மே 5, திங்கள்

உர்சுலா கே. லெ குவினின் 'த டோம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலை மறுபடி எடுத்தேன். 1971. எர்த்சீ வரிசையில் இரண்டாவது. டெனார் என்ற குழந்தையை, செத்துப்போன தலைமைப் பூசாரியின் மறுபிறவி என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுபோகிறார்கள். பெயரையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். கல்லறைகளுக்கு நேர் கீழே உள்ள குகையில் விளக்கே ஏற்றக் கூடாது. அதை ஒட்டிய சுரங்கத்தில் எந்தப் பக்கம் எத்தனை திருப்பம் என்று எண்ணி, சுவரைத் தடவித் தடவிப் பாடம் செய்கிறாள். ஒரு நாள் அந்தக் குகையில் வெளிச்சம் தெரிகிறது. கெட் என்ற மந்திரவாதி, அங்கே மறைந்து கிடக்கும் ஒரு பொருளைத் தேடி வந்திருக்கிறான். கதவைச் சாத்திவிடுகிறாள்.

உள்ளே அவனைத் தின்பது தாகம்தான். எவ்வளவு பெரிய மந்திரவாதியானாலும் வாய்க்குத் தண்ணீர் வரவழைத்துக்கொள்ள முடியவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து அவனைப் பிழைக்க வைப்பவள் டெனார். தப்பிக்கும்போது இடிந்து விழவிருக்கும் பாறையை அவன் மந்திரத்தால் தாங்கிப் பிடிக்கிறான். வழி தெரிந்தவள் அவள். பிறகு பசியோடு மலை ஏறும்போது, ஒரு முயலை அதன் உண்மைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அது வருகிறது. அழைத்து வந்ததைக் கொன்று தின்ன மட்டும் மாட்டேன் என்கிறான். அது நம்பிக்கைத் துரோகமாம். நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பூகம்பத்தையே நிறுத்தத் தெரிந்தவன், அன்று இரவு அரைவயிறோடு படுக்கிறான்.

ஒரு குறையும் உண்டு. 1968இல் வந்த முதல் நாவலிலேயே ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பையன்களுக்கு மட்டும்தான் இடம். பெண்களுக்குக் கிராமத்துச் சூனியக்காரி வேலை. லெ குவினுக்கே அது உறுத்தியிருக்கிறது. 1990இல் 'டெஹானு' எழுதி, டெனாரை நடுவயது விதவையாக, பண்ணை வீட்டுக்காரியாக, நெருப்பில் வெந்த ஒரு சிறுமியை வளர்ப்பவளாக மறுபடி கொண்டுவந்தார். கெட் அதில் மந்திரம் எல்லாம் தீர்ந்துபோய் வந்து சேர்கிறான். ஆடு மேய்க்கக் கிளம்பிவிட்ட அந்த நாயகனைப் பழைய வாசகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும்.

மே 6, செவ்வாய்

"நம்ம ஊர்ல இந்த மாதிரி இல்லையா அத்தை?"

அல்லி அரசாணி கதையைச் சொன்னேன். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி, கூத்தாகவும் ஆடப்பட்டுவந்த கதை. மதுரையை ஆண்ட அல்லி, படை நடத்தத் தெரிந்தவள், ஆண்வாடையே ஆகாதவள். அர்ச்சுனன், கண்ணனின் மாயத்தால் பாம்பாகி அரண்மனைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிட்டுப் போகிறான்.

"இது கிரைம் அத்தை" என்றாள்.

மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வீரம் எல்லாம் அல்லியிடம் இருக்கிறது. மந்திரம் எல்லாம் எதிர்த்தரப்பில் இருக்கிறது. அப்படி அமைந்த கதையில் நாயகி எவ்வளவு வாள் சுழற்றினாலும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

மே 7, புதன்

இரவு மின்சாரம் போனது. வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது மணிமேகலை ஞாபகம் வந்தாள். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்ததோடு சரி. பசிப்பிணி, அட்சய பாத்திரம், துறவு, ஐந்து மதிப்பெண்.

எமர்ஜென்சி விளக்கில் உரைநூலைப் புரட்டினேன். முப்பது காதைகள். உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தது. சுவடி கையில் இருந்தும் இது எந்தச் சமயத்து நூல் என்றே அவருக்கு முதலில் பிடிபடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார்தான் பௌத்தம் என்று அடையாளம் காட்டி, பௌத்த நூல்களைப் படித்து விளக்கவும் செய்தார். ஒரு மொழியே தன் மாயாஜாலக் காப்பியத்தின் சாவியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்த காலம் அது.

மே 8, வியாழன்

எட்டாம் காதையிலிருந்து பதினொன்று வரை ஒரே மூச்சு. குட்டிக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படித்தேன். அவள் ஊஞ்சலை விட்டு இறங்கித் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

கதை இப்படி. அப்பா கோவலன் கொலையுண்ட செய்திக்குப் பிறகு மாதவி துறவு பூண்டுவிட்டாள். மகள் மணிமேகலையும் ஆடல் அரங்கை விட்டு விலகுகிறாள். சோழ இளவரசன் உதயகுமாரன் தேரோட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறான். பூ வனத்தில் ஒரு பளிங்கு அறைக்குள் புகுந்து ஒளிகிறாள். அன்று இரவு மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டு கடல் கடந்து மணிபல்லவத் தீவில் கிடத்திவிட்டுப் போய்விடுகிறது. (யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுதான் அது என்பார் பலர்.)

கண் விழிக்கிறாள். தோழி இல்லை, அம்மா இல்லை. பழக்கமில்லாத மணல்மேடு, கடல், பறவைகள். கூப்பிட்டுப் பார்க்கிறாள், ஓடிப் பார்க்கிறாள், தன்னைவிட்டுப் போன அப்பாவை நினைத்து அழுகிறாள். இந்தக் காலத்து எழுத்தாளர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தெய்வத்தை உடனே இறக்கியிருப்பார். காப்பியத்தைப் பாடிய சாத்தனார் அவளைக் கொஞ்ச நேரம் தனியே அலைய விடுகிறார். பிறகுதான் புத்த பீடிகை கண்ணில் படுகிறது. அதற்கு முன் இரண்டு நாக அரசர்கள் சண்டை போட்டுக்கொண்ட ஆசனம். அதைத் தொழுததும் முற்பிறவி தெரிகிறது: துரத்தும் உதயகுமாரன் போன பிறவியில் அவள் கணவன். சாமர்த்தியமான கட்டு. அவனை வெறும் வில்லனாக்க இனிமேல் முடியாது. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு இழுப்பு இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் தெய்வம் மந்திரங்கள் தருகிறது. வேற்றுரு எடுக்க ஒன்று. வானத்தில் பறக்க ஒன்று. மூன்றாவது, பசியைத் தாங்க.

"இதென்ன பவர்?" என்றாள் குட்டி மூன்றாவதைக் கேட்டு. "நெருப்பு கிடையாதா, இடி கிடையாதா?"

கிடையாது. மூன்றில் ஒன்றுகூட அடிப்பதற்கு ஆகாது. மூன்றும் தப்பிப் பிழைப்பதற்கு. ஒளிவது, ஓடுவது, பட்டினியிலும் சாகாமல் இருப்பது. தனியாக நடமாட வேண்டிய ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்த பட்டியல் இது. உருமாற்ற மந்திரத்துக்குச் சொல்லப்படும் காரணம் இன்னும் அழுத்தமானது: பிற சமயத்தாரின் தத்துவங்களைக் கேட்கப் போனால், இளம்பெண் என்பதால் அவளுக்கு அவர்கள் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் வேற்றுருவில் போ. ரோக் தீவுப் பள்ளியின் மூடிய கதவுக்கு இங்கே வெகு காலம் முன்பே மாற்றுச்சாவி செய்து வைத்திருக்கிறார்கள்.

மே 10, சனி

பூம்புகார் போய்வந்தோம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அதிகாலையிலேயே பஸ். சிலப்பதிகாரக் கலைக்கூடம் முழுவதும் கண்ணகி கதை. பல்லவனேச்சுரத்தில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது; அங்கே எங்களைத் தவிர ஆள் இல்லை.

கடற்கரையில் குட்டிக்கு மகாஜனக ஜாதகக் கதை சொன்னேன். அதே மணிமேகலா தெய்வம்தான் அதிலும் வருகிறது. கடலில் நல்லவர்களைக் காப்பது அவள் பொறுப்பு. கப்பல் உடைந்து மகாஜனகன் ஏழு நாள் நீந்துகிறான். தேவலோகச் சுகத்தில் மூழ்கி இவள் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள். பிறகு ஞாபகம் வந்து ஓடி வருகிறாள். கரை தெரியாத கடலில் ஏன் நீந்துகிறாய் என்று அவனிடம் கேள்வி வேறு கேட்கிறாள். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் மின்னல் தேவதையாக இவளை ஆடுகிறார்கள். நம் மீனவர் யாருக்கும் இவள் பெயர் தெரிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழா நடக்காமல் போக, இதே புகாரைக் கடல் கொள்கிறது. காவல் தெய்வத்தின் சாபமும் இந்திரனின் சாபமும் சேர்ந்து. அரசன் விழாவை மறந்தது அலட்சியத்தால்கூட இல்லை, காணாமல்போன பிள்ளையைத் தேடிய துக்கத்தில். குட்டி அலையைப் பார்த்துக்கொண்டு, "பாவம்" என்றாள். அரசனையா, ஊரையா என்று கேட்கவில்லை.

மே 12, திங்கள்

இன்று புத்த பூர்ணிமை. கதைப்படி அமுதசுரபி என்னும் அந்த அட்சய பாத்திரம் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் மேலே வரும். அது புத்தர் பிறந்த இந்தப் பௌர்ணமி நாள்தான்.

பாத்திரத்தின் பழைய கதை எனக்கு மறந்தே போயிருந்தது. இன்று படித்து ஆடிப்போனேன். ஆபுத்திரன், பசுவைக் காப்பாற்றப்போய் ஊராரால் விரட்டப்பட்டவன். மதுரையில் பிச்சையெடுத்து, குருடர், நொண்டிகளுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தின்று, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்குகிறவன். ஒரு நள்ளிரவில் பசித்தவர்கள் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றும் இல்லாமல் தவிக்கும்போது சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தருகிறாள். வரம் தர வந்தும் அவன் எள்ளி நகைத்ததைப் பொறுக்காத இந்திரன் என்ன செய்கிறான் தெரியுமா? வஜ்ராயுதத்தை எறியவில்லை. மழையைப் பெய்யவைக்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் யாரும் இல்லை, ஆபுத்திரன் பாத்திரத்தோடு வெட்டியாக நிற்கிறான். அள்ளிக் கொடுப்பவனைத் தோற்கடிக்க இதை விட நுட்பமான ஆயுதம் எந்த ஃபேண்டஸி நாவலிலும் நான் படித்ததில்லை.

பிறகு பஞ்சம் வந்த சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத்தில் காற்றுக்காக நிறுத்துகிறார்கள். இவன் இறங்கியதைக் கவனிக்காமல் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. ஊருக்கே சோறு போடும் பாத்திரம் கையில். தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வாழ மனமில்லாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து செத்துப்போகிறான்.

அந்தப் பாத்திரம்தான் மணிமேகலை கைக்கு வருகிறது. அதில் முதல் பிச்சை இடுபவள் ஆதிரை. ஆதிரையின் புருஷன் சாதுவன் கதை தனியாகவே ஒரு சாகச நாவல்: கப்பல் கவிழ்ந்து, மனிதரைத் தின்னும் நாகர்கள் தீவில் ஒதுங்குகிறான். கொல்ல வந்தவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசித் தப்பிக்கிறான். மந்திரமும் இல்லை, கத்தியும் இல்லை, ஒரு அயல்மொழி. "ஸ்போக்கன் நாகா கோர்ஸ்" என்று சிரித்தாள் குட்டி.

யானைத்தீ என்னும் தீராப் பசி பிடித்த காயசண்டிகைக்கு மணிமேகலை ஒரு கைப்பிடி போட, சாபம் தீர்கிறது. ஒரு முனிவரின் நாவல் பழத்தை மிதித்ததற்குப் பன்னிரண்டு வருஷப் பசி. தீர்ந்ததும் ஊருக்குப் பறந்து போகிறாள். போகும் வழியில் விந்திய மலையைத் தாண்டும்போது, அங்கே காவல் இருக்கும் பெண்தெய்வம் அவள் நிழலைப் பிடித்து இழுத்து வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிறது. படித்துவிட்டு இரவில் ஒரு தரம் என் நிழலைத் திரும்பிப் பார்த்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

இன்றைக்குப் படித்த பகுதிதான் என் தொடருக்கு வேண்டியது.

உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகையின் உருவம் எடுக்கிறாள். அந்த உருவத்திலேயே சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். வியந்துபோன அரசன், என்ன வேண்டும் என்று கேட்க, சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தா என்கிறாள். மாற்றித் தருகிறான். ஒரு சண்டை இல்லாமல் ஒரு சிறை விழுகிறது.

ஆனால் மந்திரத்துக்கு விலை உண்டு. காயசண்டிகையைத் தேடி அவள் கணவன் காஞ்சனன் வருகிறான். தன் மனைவி இளவரசனோடு பேசுவதைப் பார்க்கிறான். அவள் இளவரசனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது இளமை நிலையாது என்ற பாடம், பக்கத்தில் ஒரு நரைத்த கிழவியைக் காட்டி. காஞ்சனன் கண்ணுக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. நள்ளிரவில் அவள் தங்கியிருந்த அம்பலத்துக்கு வந்த உதயகுமாரனை வாளால் வெட்டிவிடுகிறான். தப்பிக்கப் போட்ட வேஷம் கொலையில் முடிந்துவிட்டது. அவள் உடைந்து அழுதுகொண்டு பிணத்தை நோக்கிப் போகிறாள். தூணில் இருக்கும் பாவை போகாதே என்று தடுக்கிறது.

அடுத்து, பிள்ளையை இழந்த அரசியின் பழிவாங்கல். மரியாதையாகக் கூட்டிப்போவது போல் அந்தப்புரத்துக்குக் கொண்டுபோய், புத்தி மாற மருந்து கொடுக்கிறாள், பலிக்கவில்லை. காசு கொடுத்து ஒரு முரட்டு இளைஞனை அனுப்புகிறாள். மணிமேகலை ஆண் உருவெடுத்து நிற்க, அவன் பயந்து ஊரை விட்டே ஓடுகிறான். கடைசியாக, நோய் என்று சொல்லிச் சோறு தண்ணீர் இல்லாமல் புழுக்கறையில் பூட்டுகிறாள். இங்கேதான் மூன்றாவது மந்திரம் வேலை செய்கிறது. வாடாமல் இருப்பவளைப் பார்த்து அரசி நடுங்கிக் காலில் விழுகிறாள். மணிமேகலை பதிலுக்கு வணங்குகிறாள்: நீ என் கணவனைப் பெற்றவள் என்று.

பாடப்புத்தகம் இந்த அறையை எனக்குக் காட்டவே இல்லை. மணிமேகலை என்றால் சாந்தமாகப் பாத்திரம் ஏந்தி நிற்கும் படம்தான். மருந்து, வன்முறை, பட்டினி என்று மூன்றையும் தாண்டி வந்தவள் கையில் இருக்கும் பாத்திரம் அது என்று யாரும் சொல்லித்தரவில்லை. துறவியாக மட்டும் காட்டி, அவள் பட்ட பாட்டை மறைத்தது நம் பாடத்திட்டங்களின் பெரிய அநியாயம்.

ஆசிரியரைக் கூப்பிட்டேன். நாயகிக்கு ஆயுதம் கிடையாது. பசி தாங்கத் தெரியும், வேஷம் மாற்றத் தெரியும், அந்த வேஷத்தால் ஒரு உயிர் போகும், அந்தக் கணக்கை அவளே சுமப்பாள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அட்டைக்கு என்ன போட?" என்றார். ஒரு பூட்டிய கதவு போடச் சொன்னேன்.

மே 15, வியாழன்

வஞ்சி நகரம். மணிமேகலை ஆண் துறவி வேஷத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய்க் கேட்கிறாள். இந்தக் கடைசிக் காதைகள் கஷ்டம்; தர்க்கமும் அளவைகளும் பட்டியல் பட்டியலாக வருகின்றன. ந.மு.வேங்கடசாமி நாட்டார் எழுதிவந்த உரையையும் கடைசி நான்கு காதைகளுக்கு ஔவை துரைசாமிப் பிள்ளைதான் எழுதி முடித்தார். கதையாக மட்டும் பார்த்தால் இங்கே காப்பியம் சாய்ந்துவிடுகிறது. நாயகி கேட்பவளாகச் சுருங்கிப்போவது எனக்கு ஏமாற்றம்தான். பௌத்தம் பயில வருபவர்களுக்கு இதுவே உச்சம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு இடம் மட்டும் பளிச். கண்ணுக்குத் தெரிவதைத் தவிர வேறு எதையும் நம்பாத பூதவாதியின் பேச்சைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. முற்பிறவி எனக்குத் தெரியுமே என்கிறாள். மயக்கம் என்கிறான் அவன். உன் அப்பா அம்மா இன்னார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். கடல் நடுவே தனியாகக் கண் விழித்தபோது அழுத அதே பெண். குட்டி கை தட்டினாள்.

நாளை அவள் ஊருக்குப் போகிறாள். வகுப்புத் தோழிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, எப்படிப் படிப்பது என்று எழுதித்தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தது இது: முதல் காதையில் தொடங்க வேண்டாம். எட்டாம் காதையில் அவள் தீவில் கண் விழிப்பதிலிருந்து தொடங்கி இருபத்து மூன்றாம் காதையில் சிறையை விட்டு வெளியே வருவது வரை நிறுத்தாமல் படியுங்கள். பிடித்திருந்தால் முதல் ஏழுக்குத் திரும்புங்கள். கடைசி ஏழு எங்கேயும் ஓடிவிடாது. மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.